பேய், வேம்பயர், சூனியக்காரி வரும் சிரிப்புக் காதல் நாவல்களை எங்கே தொடங்குவது, எப்படி ரசிப்பது?

ஓசூரில் ஷிஃப்டு வேலை பார்க்கும், பாலக்கோட்டுப் பக்கத்துத் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கா, பேய், வேம்பயர் (அதுதான், ரத்தக்காட்டேரி), சூனியக்காரி எல்லாம் வரும், ஆனால் சிரிப்பும் காதலுமாகப் போகும் இங்கிலீஷ் நாவல்கள் இருக்கிறதாமே. ஆசைப்பட்டு ஒன்று வாங்கினேன். ஆரம்பத்திலிருந்தே ரத்தமும் புலம்பலும்தான், மூடி வைத்துவிட்டேன். எதில் ஆரம்பிப்பது? இதையெல்லாம் எப்படி ரசிப்பது? தமிழில் இப்படி உண்டா? ராத்திரி நேரத்தில் பேய்க்கதை படிக்காதே என்று அம்மா வேறு திட்டுகிறார்."

தருமபுரியில் வாடகை நூலகம் நடத்திய காலத்தில், ரமணிசந்திரனையும் ராஜேஷ்குமாரையும் ஒரே கூடையில் போட்டு எடுத்துப்போகும் வாசகிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்றில் கல்யாணம், இன்னொன்றில் கொலை. நீங்கள் இரண்டையும் ஒரே புத்தகத்தில் கேட்கிறீர்கள், கூடவே சிரிப்பும் வேண்டும் என்கிறீர்கள். கிடைக்கும். ஆனால் வாங்குவதற்கு முன்னால் ஒரு விஷயம் புரிந்திருக்க வேண்டும். இந்த நாவல்களைப் பயத்துக்காகப் படித்தால் ஏமாற்றம்தான். இவற்றின் ருசி சட்டதிட்டங்களில் இருக்கிறது.

கொஞ்சம் விளக்குகிறேன். ரொமான்ஸ் நாவல் என்று அட்டையில் போட்டுவிட்டாலே வாசகருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது: காதல்தான் மையம், முடிவு மனசுக்கு நிறைவாக இருக்கும். அமெரிக்காவின் ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் வைத்த இலக்கணமும் ஏறக்குறைய இதுதான். அதனால் யாருக்கு யார் என்பது முதல் இரண்டு அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும். பிறகு எதற்கு முந்நூறு பக்கம்? எப்படிச் சேருவார்கள் என்று பார்ப்பதற்கு. சாதாரணக் காதல் கதையில் குறுக்கே நிற்பது சாதி, அந்தஸ்து, கோபக்கார அப்பா. இங்கே மாப்பிள்ளை செத்து இருநூறு வருடம் ஆகிறது என்பதுதான் சிக்கல். அல்லது பெண்ணுக்குக் கோபம் வந்தால் தெருவிளக்கெல்லாம் வெடிக்கும். இந்தச் சிக்கலைச் சோகமாகவும் எழுதலாம், வேடிக்கையாகவும் எழுதலாம். நீங்கள் வாங்கியது சோகக் கட்சி.

இரண்டு கட்சிக்கும் கடையில் ஒரே அலமாரி. அட்டையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. நிலா, புகை, சட்டை பொத்தான் போடாத ஆண்பிள்ளை. எனவே அட்டையை நம்பாதீர்கள், தலைப்பையும் முதல் பக்கத்தையும் பாருங்கள். தலைப்பில் சிலேடை இருந்தால் பெரும்பாலும் சிரிப்புக் கட்சி. முதல் பக்கத்தில் நாயகி சம்பளம், செருப்பு, அத்தை பற்றிக் குறைபட்டுக்கொண்டிருந்தால் தைரியமாக வாங்கலாம். மழை கொட்டும் இரவில் ஒருவன் கோபுர உச்சியில் நின்று தன் நானூறு வருடத் தனிமையை நினைத்துக்கொண்டிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மின்னூல் கடைகளில் மாதிரிப் பக்கங்கள் இலவசமாகவே கிடைக்கும், ஐந்து நிமிட வேலை.

இப்போது சட்டதிட்டத்துக்கு வருவோம், ஏனென்றால் வேடிக்கை முழுவதும் அங்கேதான். வேம்பயர் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருகிற விதிகளில் பாதி 1897-இல் வந்த பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'வில் உள்ளவை. வீட்டுக்காரர் யாராவது அழைக்காமல் முதல்முறை உள்ளே நுழைய முடியாது. கண்ணாடியில் உருவம் தெரியாது. பூண்டு ஆகாது. ஆனால் வெயில் பட்டால் செத்துப்போவான் என்பது அந்த நாவலில் கிடையாது. அதில் டிராகுலா பகலிலும் நடமாடுகிறான், சக்தி குறைந்துபோகும், அவ்வளவுதான். சூரிய ஒளி கொல்லும் என்பது 1922-இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மன் மௌனப் படத்தின் வழியாகப் பரவியது. ஆக, இது யாரும் மலையிலிருந்து கல்லில் பொறித்துக் கொண்டுவந்த சட்டம் இல்லை. ஒவ்வொரு எழுத்தாளரும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறார், வேண்டாததைத் தள்ளுகிறார். எடுத்துக்கொண்ட விதியை அன்றாட வாழ்க்கையோடு மோத விடுகிறார். அந்த மோதலில் சிரிப்பு வருகிறது.

இதை நம் ஊரில் வைத்து யோசித்துப் பாருங்கள். கிருஷ்ணகிரியில் ஒரு வேம்பயர் வாடகைக்கு வீடு தேடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அழைத்தால்தான் உள்ளே வரமுடியும் என்பது அவனுடைய பெரிய சாபம். இங்கே வாசலில் நிழல் தெரிந்தாலே, "வாங்க, உள்ள வந்து உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று குரல் வந்துவிடும். அவன் வாய் திறப்பதற்கு முன்பே சாபம் பணால். உள்ளே வந்த பிறகுதான் ஆபத்து: மதியக் குழம்பிலிருந்து ரசம் வரை எதில் பூண்டு இல்லை? "ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்று கையைப் பிடித்து இழுக்கும் அம்மாவிடமிருந்து தப்பிப்பது, சிலுவையோடு துரத்தும் பாதிரியாரிடமிருந்து தப்பிப்பதைவிடக் கஷ்டம். வேலை? ஓசூரில் ராத்திரி ஷிஃப்டுக்கு ஆள் எப்போதும் தேவை. பகல் முழுக்கத் தூங்குகிறவனை அங்கே யாரும் சந்தேகப்படமாட்டார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் குடும்பப் படம் எடுத்தால் மாப்பிள்ளை இடம் மட்டும் காலியாக இருக்கும், அதற்கு ஜோசியர் என்ன விளக்கம் சொல்வாரோ. இதைப் படிக்கும்போது உங்கள் உதட்டோரம் கொஞ்சமாவது அசைந்திருந்தால் இந்த வகை உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது.

முதல் புத்தகமாக நான் சொல்வது மோலி ஹார்ப்பர் எழுதிய 'நைஸ் கேர்ள்ஸ் டோன்ட் ஹேவ் ஃபேங்ஸ்', 2009-இல் வந்தது. கென்டக்கி மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். ஜேன் ஜேம்சன் நூலகத்தில் குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவள் (இதனால்தான் எனக்கு இந்தப் புத்தகத்தின் மேல் ஓரவஞ்சனையோ என்னவோ). வேலை போகிறது. துக்கத்தில் குடித்துவிட்டு வீடு திரும்பும் வழியில், அவளைவிட அதிகமாகக் குடித்த ஒருத்தன் மான் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறான். சாகக் கிடப்பவளை ஒரு வேம்பயர் தன் இனமாக மாற்றிக் காப்பாற்றுகிறான். இதுவரை கேட்டால் சோகக் கட்சி மாதிரித்தான் தெரியும். ஆனால் ஜேனின் பெரிய கவலை ரத்தம் குடிப்பது இல்லை. இந்தச் சேதியை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான். அம்மாவோ சமைத்துக் கொண்டுவந்து சாப்பிடு சாப்பிடு என்று உயிரை எடுக்கிற ரகம். மகள் இனிமேல் சோறு சாப்பிடமுடியாதவள். காதல் விவகாரத்தைவிட இந்த அம்மா-மகள் பகுதிகளில்தான் ஹார்ப்பர் பின்னியெடுக்கிறார் என்பேன். மொழியும் எளிது. நாயகியே தன் கதையைப் பேச்சுவாக்கில் சொல்கிறாள், அகராதி பக்கத்தில் வேண்டியதில்லை. உள்ளூர் வழக்குச் சொல் ஒன்றிரண்டு புரியாவிட்டால் தாண்டிப் போங்கள், கதை நிற்காது.

இதே தடத்தில் கொஞ்சம் முன்னால் வந்தது மேரிஜேனிஸ் டேவிட்சனின் 'அன்டெட் அண்ட் அன்வெட்', 2004. வேலை போன, செருப்புப் பைத்தியமான பெட்ஸி விபத்தில் செத்து எழுந்துகொள்கிறாள். எழுந்ததும் அவளுக்கு உறைப்பது தான் செத்துப்போனது இல்லை, காலில் யாரோ மாட்டிவிட்ட மட்டமான செருப்பு. சிலுவையும் தீர்த்தமும் அவளை ஒன்றும் செய்வதில்லை என்பதால் மற்ற வேம்பயர்கள் நடுங்குகிறார்கள். நல்ல கூத்து. ஆனால் ஒரே மூச்சில் நாலைந்து பாகம் படித்தால் திகட்டும். படுக்கையறைக் காட்சிகளும் வெளிப்படையாகவே இருக்கும்.

வேம்பயர் வேண்டாம், சூனியக்காரி போதும் என்றால் எரின் ஸ்டெர்லிங் எழுதிய 'தி எக்ஸ் ஹெக்ஸ்', 2021. காதலன் கைவிட்ட ஆத்திரத்தில் ஒரு பெண் வோட்காவையும் வாசனை மெழுகுவத்தியையும் வைத்துக்கொண்டு விளையாட்டாகச் சாபம் போடுகிறாள். ஒன்பது வருடம் கழித்து அவன் ஊருக்கு வரும்போதுதான் தெரிகிறது, சாபம் பலித்திருக்கிறது. பேசும் பூனை ஒன்று உண்டு, அதற்காகவே படிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது சார்லைன் ஹாரிஸின் சூக்கி ஸ்டாக்ஹவுஸ் வரிசையாகத்தான் இருக்கும். 2001-இல் 'டெட் அன்டில் டார்க்'கில் தொடங்கி 2013 வரை பதின்மூன்று நாவல்கள். நல்ல எழுத்து, நல்ல நகைச்சுவை. ஜப்பானியர்கள் செயற்கை ரத்தம் கண்டுபிடித்துவிட்டதால் வேம்பயர்கள் ஒளிந்திருக்கத் தேவையில்லாமல் வெளியே வந்து சட்ட உரிமை கேட்கிறார்கள் என்ற கற்பனையே அபாரம். ஆனால் அது அடிப்படையில் துப்பறியும் கதை, காதல் அதன் கூடவே வருகிறது. நாயகிக்குக் காதலர்கள் மாறுவார்கள், பிணங்கள் விழும். கடைசி நாவலில் அவள் யாரிடம் போய்ச் சேருகிறாள் என்பதில் மனம் உடைந்துபோன வாசகர்கள் ஏராளம். சேர்த்துவைப்பார் என்ற நம்பிக்கையோடு பதின்மூன்று புத்தகம் படிக்காதீர்கள்.

பழசு பிடிக்குமென்றால் ஒன்றை அவசியம் படியுங்கள்: ஆஸ்கர் வைல்டின் 'தி கேன்டர்வில் கோஸ்ட்', 1887. நீளமான சிறுகதை, காப்புரிமை முடிந்துவிட்டதால் குட்டன்பெர்க் என்ற இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இங்கிலாந்தில் பேய் நடமாடும் மாளிகையை ஓர் அமெரிக்கக் குடும்பம் வாங்குகிறது. தரையில் இருக்கும் பழைய ரத்தக்கறையைக் கடையில் வாங்கிய கறைநீக்கி போட்டுத் துடைத்துவிடுகிறார்கள். ராத்திரி சங்கிலியை இழுத்துக்கொண்டு வரும் பேயிடம், சத்தம் கேட்கிறது, இந்த எண்ணெயைப் போடுங்கள் என்று வீட்டுக்காரர் பாட்டிலை நீட்டுகிறார். பேய்க்கு மானமே போய்விடுகிறது. இதில் காதல் ஓரமாகத்தான் வருகிறது. ஆனால் பயமுறுத்த வந்தவனைப் பரிதாபத்துக்குரியவனாக்கும் வித்தையை இன்றைய எழுத்தாளர்கள் இங்கிருந்துதான் கற்றிருப்பார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம்.

ஆர். ஏ. டிக் என்ற புனைபெயரில் ஜோசஃபின் லெஸ்லி எழுதிய 'தி கோஸ்ட் அண்ட் மிஸஸ் மியூர்', 1945, இந்தப் பட்டியலிலேயே என் மனசுக்கு நெருக்கமானது. புகுந்த வீட்டுச் சொந்தங்களின் அதிகாரம் தாங்காமல் ஒரு விதவை கடலோரத்தில் தனி வீடு பார்க்கிறாள். அந்த வீட்டில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், செத்துப்போன கப்பல் கேப்டன். கெட்ட வார்த்தை பேசுவார், கத்துவார், அவள் பணத்துக்குத் தவிக்கும்போது தன் வாழ்க்கைக் கதையைச் சொல்லி அவளை எழுதவைத்து அந்தப் புத்தகத்தால் அவளைக் காப்பாற்றுவார். தொடக்கூட முடியாத இரண்டு பேரின் சிநேகம், சண்டையும் கேலியுமாகவே வளர்கிறது. 1947-இல் வந்த படமும் அழகு. புத்தகம் கிடைக்காவிட்டால் படத்தைப் பாருங்கள்.

இந்த வகையில் எனக்கு ஒத்துக்கொள்ளாத ஒன்றும் உண்டு. விதிக்கப்பட்ட ஜோடி என்று ஒரு உத்தி வைத்திருக்கிறார்கள், ஓநாய்மனிதக் கதைகளில் ரொம்பவே அதிகம். வாசனை பிடித்ததும் இவள்தான் என்று அவனுக்குத் தெரிந்துவிடும், அதற்கப்புறம் அவள் வேண்டாம் என்று சொன்னாலும் அவன் காதில் விழாது. நல்ல எழுத்தாளர் கையில் நாயகி இந்த விதியையே கேலி செய்து அவனை நாலு அத்தியாயம் அலையவிடுவாள். மோசமான கையில் அது வெறும் அடாவடி. வெள்ளைக்காரர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. நம் அல்லி அரசாணி மாலையில் அர்ஜுனன் பாம்பு வேடத்தில் போய், தூங்கிக்கொண்டிருக்கும் அல்லிக்குத் தாலி கட்டிவிடுகிறான். பாட்டாகக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, அல்லி பக்கம் நின்று யோசித்தால் இருக்கவில்லை. படிக்கும்போது எரிச்சல் வந்தால் புத்தகத்தை மூடிவிட உங்களுக்கு முழு உரிமை உண்டு.

தமிழில் உண்டா என்று கேட்டீர்கள். சரக்கு ஆதிகாலத்திலிருந்தே இருக்கிறது. மகாபாரதத்து இடும்பியை எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டவர்களைக் கொன்று வா என்று அண்ணன் அனுப்புகிறான். காட்டில் எல்லோரும் தூங்க, காவல் இருக்கும் பீமனைப் பார்த்ததும் இந்த அரக்கி காதலில் விழுகிறாள், அழகான பெண்ணாக உருமாறி வந்து நிற்கிறாள். அண்ணன் கதை முடிந்ததும் மாமியார் குந்தியிடம் கையேந்துகிறாள். கல்யாணத்துக்குப் போடப்படும் நிபந்தனை என்ன தெரியுமா? பகலெல்லாம் பீமனைக் கூட்டிக்கொண்டு பறக்கலாம், பொழுது சாய்ந்தால் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும், ஒரு பிள்ளை பிறக்கும் வரை. ஹார்ப்பர் எழுதியிருந்தால் இதில் மூன்று பாகம் தேற்றியிருப்பார். அந்தப் பிள்ளை கடோத்கஜன்தான் 1957-இல் வந்த 'மாயா பஜார்' படத்தில் தன் தம்பி அபிமன்யுவின் காதலைச் சேர்த்துவைக்க மணப்பெண் உருவம் எடுக்கிறான். பெண் உருவத்துக்குள் ஓர் அரக்கன் இருக்கிறான் என்று சாவித்திரி நடையிலேயே காட்டுவாரே, அது அப்படியே நீங்கள் தேடும் சுவை. 1967-இன் 'பட்டணத்தில் பூதம்' இன்னொன்று.

பேயை வைத்துச் சிரிப்பதிலும் நாம் புதியவர்கள் இல்லை. ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் பசியில் வாடி வதங்கிக் காளியிடம் முறையிடுகின்றன. போர் முடிந்ததும் களத்திலேயே கூழ் சமைத்துப் பந்தி நடக்கிறது. குருட்டுப் பேய், ஊமைப் பேய், கனவு கண்ட பேய் என்று தரம் பிரித்துப் பரிமாறுகிறார்கள். அதே நூலின் தொடக்கத்தில் கடை திறப்பு என்ற பகுதி, ஊடல் கொண்ட பெண்களைக் கதவைத் திறக்கச் சொல்லிப் பாடும் சிருங்காரம். காதலும் பேயும் ஒரே நூலில் இருக்கின்றன, ஒன்றையொன்று சந்திக்கவில்லை, அவ்வளவுதான் குறை.

அந்தச் சந்திப்பு அச்சுத் தமிழில் பிறகும் அதிகம் நடக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். மாத நாவல் காலத்தில் குடும்பக் காதல் ஒரு கயிற்றிலும் திகில் இன்னொரு கயிற்றிலும் தொங்கின. இந்திரா சௌந்தர்ராஜன் அமானுஷ்யத்தை எடுத்தபோது அது பக்தி, சித்தர், பரம்பரை ரகசியம் என்று கனமான பக்கம் போனது. இப்போது கைபேசியில் தொடராக எழுதும் பெண்கள்தான் இந்தக் கலவையைத் தைரியமாகச் செய்கிறார்கள். பிரதிலிபி மாதிரித் தளங்களில் ஆவி, காதல் என்று இரண்டையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள். பத்தில் ஏழு பாதியில் நிற்கும், எழுத்துப்பிழை இருக்கும். மீதி மூன்றில் ஒன்று உங்களைப் பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போகவைக்கும். தொடர் முடிந்துவிட்டதா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். தருமபுரி, ஓசூர் புத்தகத் திருவிழாக்களில் கேட்டால் கடைக்காரர்கள் திகில் பக்கம் கை காட்டுவார்கள், அங்கே சிரிப்புக் கிடைப்பது அபூர்வம்.

நம் பகுதியில் எழுத எவ்வளவு இருக்கிறது என்பதுதான் என் ஆதங்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி அருங்காட்சியகங்களில் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். அடுக்கு நிலைக் கற்களில் கீழே வீரன் சண்டை போட்டுச் சாகிறான், அதற்கு மேலே தேவமகளிர் இரண்டு பக்கமும் அவனைப் பிடித்து வானத்துக்குத் தூக்கிப் போகிறார்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தவன் கண் விழித்தால் இரண்டு பக்கமும் தேவகன்னி. வீட்டில் பெண்டாட்டி காத்திருக்கிறாள். இவன் முழிக்கிற முழியை யாராவது எழுதவேண்டாமா? நாலுவழிச் சாலைக்காகப் புளியமரத்தை வெட்டியதில் குடியிருப்பு இழந்த மோகினி, மாற்று இடம் கேட்டுத் தாலுகா ஆபீஸில் மனு கொடுக்க வந்து அங்கே கிளார்க்கிடம் மனதைப் பறிகொடுக்கிறாள் என்று நானே ஒரு கதைக்குக் குறிப்பு வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இதெல்லாம் இலக்கியமா என்று விடுதித் தோழிகள் கேட்டால் பதில் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. வேலை முடிந்து வந்து சிரிக்கப் படிக்கிறீர்கள், காசு உங்களுடையது.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அவர் எங்கள் காலத்து ஆளாக இருந்தால் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்திருப்பார். அவரிடம் போய் இடும்பி கதையைக் கேளுங்கள், உங்களைவிட நன்றாகச் சொல்வார். அவர் சொல்லி முடித்த சூட்டோடு ஜேன் ஜேம்சனின் அம்மா மகளுக்குச் சாப்பாடு ஊட்டப் பார்க்கும் கதையைச் சொல்லிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ராத்திரி ஷிஃப்டு கேட்டு வாங்கிக்கொண்டு பகலில் படியுங்கள். ராத்திரி நேரத்தில் படிக்காதே என்றுதானே சொன்னார்.